மாத்திரைக்குத் தண்ணீர்

தணிக்கை வருகிறது என்று குடிநீர் வாரியத்துக்குத் தெரிந்ததும் எங்கள் அந்தோணியார் காலனிக்கு முதலில் வந்தது பிளீச்சிங் பவுடர். தெருவின் இரண்டு பக்கமும் கோலமாவு மாதிரி தூவிவிட்டுப் போனார்கள். அப்புறம் மேல்நிலைத் தொட்டிக்கு நீல பெயின்ட் வந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று பெயின்ட் அடிக்கிறவனைக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணொண்ணாத்தான வரும்ணா" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இருந்த வெட்கம்கூட அவனை அனுப்பியவர்களுக்குக் கிடையாது.

நான் யேசுதாஸ். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போகிற சைக்கிள், மொபெட் எல்லாம் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிர்வீடு மோசஸ் வீடு. அவன் பெண்டாட்டி கிறிஸ்டினா. அந்த வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். ஆபீசர்களைப் பற்றி மரியாதையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏரியிலிருந்து குழாய் போட்டு வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் தருகிறோம் என்று வாரியம் ஒரு திட்டம் போட்டது. பெரிய குழாய் ரயில் பாதை வரைக்கும் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் நுழைக்க அனுமதி வேண்டுமாம். அது கிடைக்கவில்லை. குழாய் அந்தப் பக்கமே படுத்துக்கொண்டது. ஆனால் இந்தப் பக்கம் தொட்டி கட்டியாகிவிட்டது, வாசலுக்கு வாசல் குழாயும் நட்டாகிவிட்டது. சும்மா விடுவார்களா? கைவிடப்பட்டுக் கிடந்த பழைய போர் கிணறு ஒன்றைத் தொட்டியோடு இணைத்து, திட்டம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

அந்தப் போர்த் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் செம்மண் கரைத்தது மாதிரி ஆகிவிடும். சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கும். பருப்பு வேகாது. டீ போட்டால் மை மாதிரி கறுக்கும். அதற்கு முன்னால் பஞ்சாயத்திலிருந்து டேங்கர் லாரியாவது வந்துகொண்டிருந்தது. திட்டம் முடிந்துவிட்டதாக எழுதிய கையோடு லாரியை நிறுத்திவிட்டார்கள். குழாய் இருக்கிற ஊருக்கு லாரி எதற்கு என்று கேட்டார்களாம். கேட்டவன் வாயில் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

லாரி நின்றதில் எல்லோருக்கும் கஷ்டம்தான். ஆனால் மோசஸ் வீட்டுக்கு வந்தது உயிர்க் கஷ்டம். ரோலிங் மில்லில் கம்பி இழுக்கும்போது அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் மகள் ஷைனி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த குழந்தையை அந்தக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை குளிப்பாட்டினார்கள். உடம்பு பூராவும் சிவந்து, தோல் வெடித்து, பிள்ளை பால் குடிக்காமல் கத்தியது. அதிலிருந்து மோசஸ் இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கொண்டு மொபெட்டில் கேன்களை மாட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போக ஆரம்பித்தான். அங்கே வயல்காரர் மோகன்ராஜ், மோட்டார் ஓடும்போது பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்து பிடித்துவருவான். வந்ததும் இறங்க முடியாமல் என் கடை முன்னாலேயே வண்டியோடு சாய்ந்து நிற்பான்.

"யோவ், டாக்டர் இன்னா சொன்னாரு? நீ இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கத்திக்கொண்டே கிறிஸ்டினா ஓடிவந்து கேனை இறக்குவாள்.

"கொயந்தைக்குக் குளிக்கத் தண்ணி வாணாமா? டாக்டரா தூக்கியாந்து குடுப்பாரு?"

"உனக்கு இடுப்பு போச்சுன்னா?"

"போனா போவுது. போறத்துக்குள்ள லாரி வந்தா சரி."

எல்லாப் பேச்சும் கடைசியில் லாரியில்தான் வந்து நிற்கும்.

தணிக்கை வரப்போகிற சேதியைக் கொண்டுவந்தவன் அன்பு. தொட்டிக்கு வால்வு திறந்துவிடுகிற ஆபரேட்டர். பஞ்சாயத்தில் தற்காலிக வேலை. பயந்த பேர்வழி, ஆனால் நல்லவன். கிறிஸ்டினா வீட்டு வாசலில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யக்கா, மெட்ராஸ்லேர்ந்து ஆடிட்டு வர்றாங்க. லேடி ஆபீசர். தண்ணி ஒயுங்கா வர்லன்னு அந்தம்மா ஒரு வரி எழுதிட்டா போதும். மறுபடியும் லாரி வுட்டே ஆவணும். லாரி கேட்டு நாம குடுத்த மனுவும் அதுக்குத்தான் காத்துக்கினு கீது."

"வந்து பாத்தா எழுதாம எங்க போவாங்க?" என்றாள் பக்கத்துவீட்டு செல்வி. அவளுக்கு எதிலும் ஒரு நம்பிக்கை. தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக வேலை மாறியும் அந்த நம்பிக்கை தேயவில்லை.

"அங்கதான் பேஜாரு. வாரியத்து என்ஜினியரு, அந்த ஏ.இ., உசாராயிட்டாரு. ஆடிட்டு வர்றதுக்கு முன்னாடி தொட்டிய கழுவி, லாரி வச்சு ரொப்பச் சொல்லிக்கீறாரு. அன்னிக்குக் கொயால பன்னீர் மாதிரி வரும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மனிதர்களுக்கு நிறுத்திய லாரியைத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள்! பிள்ளைக்குத் தோல் வெடித்தபோது வராத லாரி, ஆபீசர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வருகிறது.

"அப்ப நம்மகிட்ட இன்னா சாட்சி கீது?" என்று கேட்டாள் செல்வி.

கிறிஸ்டினாதான் யோசனை சொன்னாள். "லாரி வர்றத்துக்கு மின்னாலயே கொயாத் தண்ணிய வெள்ளை வாளியில புடிச்சி மூடி வச்சிடலாம். எங்க ஊட்டு வாசல்லதான் ஷீட்டு போட்டு நிழலு கீது. வந்தா இங்கதான் நிப்பாங்க. உள்ள கூப்ட்டு வாளியக் காட்றேன். ஒரு பாட்டிலும் கழுவி வக்கிறேன். லேபுக்கு எடுத்துக்கினு போவட்டும்."

"காட்னா மட்டும் போதாதுக்கா," என்றாள் செல்வி. "குடிக்கத் தண்ணி கேப்பாங்க. இந்த வெயில்ல கேக்காம இருக்க மாட்டாங்க. அப்ப வாளியிலேர்ந்தே மொண்டு குடு. ஒரு வாய் வச்சாங்கன்னா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க."

"குடுக்கறேன்" என்றாள் கிறிஸ்டினா. நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

லாரி வந்தது. வரிசையாக வந்து தொட்டிக்குக் கீழே நின்று மோட்டார் வைத்து மேலே ஏற்றியது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களை ஏ.இ. வீரராகவன் கையை ஆட்டி விரட்டினார். வெள்ளைச் சட்டை, காதில் போன். "எம்மா, இது தொட்டிக்கு. நாளைக்கு உங்க ஊட்டுக் கொயாலதான வரப்போவுது? அவசரப்பட்டா எப்படி?" என்றார். அவர் திருவள்ளூர்க்காரர்தான். எங்களைவிட நன்றாக எங்கள் பாஷை பேசுவார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஆய்வு நாள் நல்ல கத்திரி வெயில். ரோலிங் மில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கி, நாக்கில் இரும்புத் தூள் கரகரத்தது. கரண்டும் போய்விட்டிருந்தது. வாரியத்தின் காரில் ஏ.இ. முன்சீட்டிலும் தணிக்கை அதிகாரி பின்சீட்டிலுமாக வந்து இறங்கினார்கள். இதற்குக் கூட்டு ஆய்வு என்று பேராம். தணிக்கை செய்கிறவரும் செய்யப்படுகிறவரும் ஜோடி போட்டுக்கொண்டு வந்து பார்ப்பது. பால் குறைகிறதா என்று பார்க்கப் பூனையையும் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை போலிருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணான், வேலி அனுப்பிய காரிலேயே வந்து இறங்கியது.

அதிகாரியின் பெயர் திலகவதி. ஐம்பதைத் தாண்டியவர். முகம் வீங்கினாற்போல் இருந்தது. கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் நினைத்தபடியே கிறிஸ்டினா வீட்டு ஷீட்டு நிழலில் போய் நின்றார்.

"குழாயத் திறங்க" என்றார்.

அன்பு திறந்தான். கண்ணாடி மாதிரி தண்ணீர். திலகவதி கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே வருது?"

"மேடம், இது லாரித் தண்ணி. நேத்துதான் தொட்டிய ரொப்பினாங்க. தெருவே பாத்துச்சு" என்றாள் கிறிஸ்டினா.

ஏ.இ. சிரித்தார். "எது நல்லா இருந்தாலும் இவங்களுக்கு லாரித் தண்ணிதான் மேடம். தோ, ஆபரேட்டரே கீறாரு, கேளுங்க. அன்பு, இன்னாப்பா?"

அன்பு தன் செருப்பைப் பார்த்தான். வால்வு சாவி கையில் இருந்தது. அதைத் திருகிக்கொண்டிருந்தான். அந்த வேலை போனால் அவனுக்கு வேறு கதி இல்லை. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனை அப்படி நிற்க வைத்தவரைத்தான் மனதுக்குள் நாறடித்தேன்.

"உள்ள வாங்க மேடம். மெய்யான தண்ணிய நான் காட்றேன்" என்றாள் கிறிஸ்டினா.

உள்ளே வாளி மூடியோடு தயாராக இருந்தது. பக்கத்தில் கழுவிய பாட்டில். மூலையில் மோசஸ் முந்தின நாள் தூக்கிவந்த கேன். வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். மோசஸ் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். எழுந்து வணக்கம் சொல்லப் பார்த்து, முடியாமல் கையை மட்டும் தூக்கினான். ஷைனி குழந்தையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். நானும் செல்வியும் வாசற்படியில் நின்றோம்.

கிறிஸ்டினா வாளி மூடியில் கை வைத்தாள். அதற்குள் திலகவதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா. காலைல பிரஷர் மாத்திரை போட மறந்துட்டேன். கிறுகிறுன்னு வருது. ஒரு வாய் தண்ணி குடுங்க."

செல்வி கண்ணாலேயே வாளியைக் காட்டினாள். வாயைத் திறந்து "குடுக்கா" என்றே சொல்லிவிட்டாள். கிறிஸ்டினா வாளி மூடியைத் தூக்கினாள். சிவப்பாகத் தளும்பியது. அந்த அம்மாளின் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

அப்புறம் அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கேனைச் சாய்த்து நிறைய ஊற்றினாள். சொம்பிலும் கொஞ்சம் எடுத்து, "மூஞ்சியும் கழுவிக்குங்க மேடம், சூடு தணியும்" என்று நீட்டினாள்.

திலகவதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். "அப்பாடா" என்றார். "தண்ணி நல்லா இருக்கும்மா."

வாசலில் கிளிக் என்று ஒரு சத்தம். ஏ.இ.யின் போன். டம்ளர் வாயில் இருந்த சமயம் பார்த்து எடுத்துவிட்டார்.

"மேடம், அது கேன் தண்ணி!" கிறிஸ்டினா வாளிப் பக்கம் ஓடினாள். "எங்க ஊட்டுக்காரரு இடுப்பு ஒடியத் தூக்கியாந்தது. கொயந்தைக்கு வச்சது. கொயாத் தண்ணி இத்தான், பாருங்க."

வாளியைத் திறந்து காட்டினாள். திலகவதி குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "இது எப்ப பிடிச்சது?"

"லாரி வர்றதுக்கு மின்னாடி. ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுக்கறேன், லேபுல பாருங்க மேடம். தோ, கொயந்தை உடம்பைப் பாருங்க. ஷைனி, துணிய வெலக்குடி."

ஷைனி துணியை விலக்கினாள். பிள்ளையின் முதுகு இன்னும் சொரசொரவென்று சிவந்துதான் இருந்தது. திலகவதி அதையும் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது எங்களுக்கும் தெரிந்தது.

"இப்ப குழாயில இப்படி வரலையேம்மா," என்றார் மெதுவாக. "ஆய்வு அன்னிக்கு என்ன பார்த்தேனோ அதைத்தான் நான் எழுத முடியும்."

"அப்ப நீங்க குடிச்சது?"

திலகவதி டம்ளரைப் பார்த்தார். ஏ.இ. உள்ளே தலையை நீட்டினார். "மேடம், டைம் ஆச்சு. அடுத்த ஊரு வேற இருக்கு. லஞ்ச்சும் சொல்லி வச்சிட்டேன்."

"சரி, பார்க்கிறேன்மா" என்று எழுந்தார் திலகவதி. பாட்டிலை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் கைப்பை ஒன்றும் கிழிந்திருக்காது. குடித்த தண்ணீரின் ஈரம் தொண்டையில் காய்வதற்குள் ஒரு மனுஷியால் இப்படி எழுந்து போக முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏ.இ.யாவது திருடன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறவர். இந்த அம்மாள் திருட்டைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்.

கார் போனதும் செல்வி பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, உனக்கு இன்னா வந்துச்சு? அத்தினி தபா சொன்னனே! அந்தம்மாவா நம்ம ஊட்டுச் சம்பந்தி? விருந்து வக்கிறியா?"

"மாத்திரைக்குடி! நோவுக்காரி மாத்திரைக்குத் தண்ணி கேக்கறா. அந்தச் சாக்கடைய எப்படிடி குடுப்பேன்? கையே வர்ல."

"அவங்களுக்கு நம்ம பிள்ள மேல கை வந்துச்சே!"

"அவங்களுக்கு வரும். நமக்கு வருமா?"

செல்வி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். மோசஸ் பாயில் கிடந்தபடியே சொன்னான். "நானா இருந்தாலும் அத்தான் பண்ணியிருப்பேன், கிறிஸ்டி." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "அதான் நாம இப்படிக் கீறோம்" என்றான். அன்றைக்கு அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கேனில் மிச்சமிருந்தது குழந்தைக்கு ஒருவேளைக்குத்தான் காணும். மோசஸ் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சாயங்காலமே மறுபடியும் வண்டியை எடுத்தான்.

தொட்டியில் இருந்த லாரித் தண்ணீர் தீர்ந்தது. குழாயில் பழைய சிவப்பு வந்தது. ஆடி பிறந்த பிறகுதான் அன்பு வந்து சொன்னான். அதையும் வாசலில் நிற்காமல், என் கடையில் காற்றுப் பிடிப்பது மாதிரி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"தாசண்ணா, ரிப்போர்ட்டு வந்துடுச்சாம். பயனாளி ஊட்ல தண்ணி குடிச்சுப் பாத்தோம், திருப்தின்னு எழுதிக்கீறாங்களாம். லாரி கேட்டு குடுத்த மனுவ அத்த வச்சே தள்ளிட்டாங்க. இனிமே லாரி கெடியாது. கிறிஸ்டினாக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா."

நான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "சரிண்ணா" என்று உள்ளே போய்விட்டாள். அந்தச் "சரிண்ணா" என் காதிலேயே இருந்தது.

அதோடு விட்டார்களா? குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். தொட்டிக்குக் கீழே ஒரு பெரிய பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் திலகவதி டம்ளரோடு. பக்கத்தில் சொம்பை நீட்டிக்கொண்டு கிறிஸ்டினா. மேலே, "தணிக்கைக் குழுவினர் பயனாளி இல்லத்தில் தூய குடிநீர் பருகி மகிழ்ந்தபோது." மொபெட்டில் கேனோடு மோசஸ் தினமும் அதைத் தாண்டித்தான் வந்தான்.

பிளெக்ஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க வீரராகவனே ஒருநாள் வந்தார். எவனோ பெரிய அதிகாரி வரப்போகிறானாம். எங்கள் முனை டீக்கடையில் ரெண்டு மெதுவடையை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு வந்தவருக்கு விக்கல் எடுத்தது. சாதாரண விக்கல் இல்லை. பேசவிடாமல் ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஜீப்பில் தண்ணீர் இல்லை. நேராக அந்த ஷீட்டு நிழலுக்குத்தான் வந்தார்.

"எம்மா... ஒரு டம்ளர்... தண்ணி."

கிறிஸ்டினா அவரைப் பார்த்தாள். உள்ளே போனாள். அதே எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாங்கியவர் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். டம்ளருக்குள் சிவப்பாக இருந்தது.

"இன்னா... இன்னாம்மா இது?"

"உங்க தண்ணிதான் சார். போட்டோல கீதே, அதே டம்ளரு. குடிங்க."

"விளையாடாத... கேன் தண்ணி... குடு."

"கேனு எதுக்கு சார்? ரிப்போர்ட்ல திருப்தின்னு போட்டுக்கீதாமே."

டம்ளரை வாசல் திண்டில் வைத்துவிட்டுச் செல்வி வீட்டுக்குப் போனார். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். சொம்பு நிறையச் சிவப்புத் தண்ணீர் கொண்டுவந்து, "நல்லா குடிங்க சார், இன்னும் கீது" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டில் கேட்பதற்கு முன்பே நீட்டினார்கள். தெரு நெடுக விக்கிக்கொண்டே போனார் மனிதர். தான் கட்டிய தொட்டிக்குக் கீழே, தான் கட்டிய பிளெக்ஸுக்குக் கீழே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பொய் சொல்வானேன், அந்த வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் கிறிஸ்டினா சிரிக்கவில்லை. திண்டில் இருந்த டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். உள்ளே போய் அதைப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. கூடவே அவள் அழுகிற சத்தமும்.

"இப்ப எதுக்கு அழற? நல்லாத்தான பண்ண?" என்றான் மோசஸ்.

"இன்னாத்த நல்லா பண்ணேன்? விக்கிக்கினு வந்தவனுக்குத் தண்ணி இல்லன்னு அனுப்பிட்டேன்யா. எங்கம்மா ஊட்லகூட யாரும் இப்படிப் பண்ணதில்ல. என்னையும் அவங்கள மாதிரி ஆக்கிட்டானுங்கய்யா, பாவிங்க!"

அடுத்த நிமிஷம் வெளியே வந்தாள். கையில் அதே டம்ளர், பளபளவென்று. அதில் கேன் தண்ணீர். வேகமாகத் தெருவில் இறங்கித் தொட்டிப் பக்கம் நடந்தாள். "யக்கா, உனக்குப் பைத்தியமா?" என்று செல்வி கத்தினாள். கிறிஸ்டினா திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அது ரோட்டில் ஏறி, புழுதி அடங்குகிற வரைக்கும் அவள் பிளெக்ஸுக்குக் கீழே டம்ளரோடு நின்றாள். மேலே அவள் படமும் அதே மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றது.

திரும்பி வரும்போது, சிந்திவிடாமல் இருக்க டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். என் கடையைத் தாண்டும்போது, "குடிக்கிறீங்களாண்ணா?" என்று கேட்டாள். எனக்கு நல்ல தாகம். வேண்டாம் என்றேன்.

உள்ளே போய் அதைக் கேனிலேயே ஊற்றி மூடினாள்.